லேண்ட்மாஸ்டரில் பெல்ட், கிளட்ச் தொல்லை: வயலில் இருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

பெரும்போக உழவு தொடங்கிவிட்டால் கிழக்கிலங்கையில் வவுணதீவில் இருந்து சம்மாந்துறை வரைக்கும் ஒரே முறைப்பாடுதான். எஞ்சின் முழங்குகிறது, சில்லு சுற்றவில்லை. பெல்ட் மாற்றி ஒரு கிழமை ஆகவில்லை, கருகிப்போச்சு. கிளட்ச் பிடித்தாலும் கியர் விழமாட்டேன் என்கிறது. இந்தக் கேள்விகளை ஓரிடத்தில் சேர்த்துப் பதில் எழுதி வைத்தால், மழைக்கு முன் உழவை முடிக்க வேண்டும் என்று வயலில் நிற்கிறவருக்கு உதவும்.

இங்கே பேசுவது லேண்ட்மாஸ்டர் என்று நம் பக்கத்தில் சொல்லும், பெருவாரியாக ஓடும் இரு சில்லு உழவு இயந்திரத்தைப் பற்றி. முன்னால் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், அதன் புல்லியில் இருந்து மூன்று வி-பெல்ட், பின்னால் பெரிய புல்லி, அந்தப் பெரிய புல்லிக்குள்ளேயே கிளட்ச். பெல்ட்டையே இறுக்கியும் தளர்த்தியும் ஓடுகிற சின்ன மெஷின்களுக்குக் கீழே தனியாக ஒரு பதில் உண்டு.

எஞ்சின் நன்றாக ஓடுகிறது, கியர் போட்டால் மெஷின் நகரவில்லை. பெல்ட்டா, கிளட்சா?

பெரிய புல்லியைப் பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது.

மெஷினைச் சமதரையில் நிறுத்தி, இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் நல்ல கட்டை வையுங்கள். வேகமான கியரில் போட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்தில் விட்டு, கிளட்சை மெதுவாக விடுங்கள். ஒருவர் கிளட்ச் கையில் இருந்து கையை எடுக்காமல் நிற்க வேண்டும். மற்றவர் பக்கவாட்டில் எட்டி நின்று பார்க்க வேண்டும். மெஷினுக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. எல்லாம் சரியாக இருக்கிற மெஷின் என்றால் எஞ்சின் திணறும், நின்றும் போகலாம். திணறாமல் பாட்டுக்கு ஓடினால் எங்கேயோ வழுக்குகிறது.

அப்போது பெரிய புல்லி நின்றுவிட்டதா, விட்டு விட்டுச் சுற்றுகிறதா, கீச்சென்று சத்தம் வருகிறதா? பெல்ட் வழுக்குகிறது. பெரிய புல்லி எஞ்சினோடு ஒழுங்காகச் சுற்றியும் சில்லு அசையவில்லையா? பெல்ட்டில் குற்றமில்லை, கிளட்சைத் திறக்க வேண்டும். சுற்றுவது கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால், எஞ்சினை நிறுத்திவிட்டுப் புல்லியின் முகத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு கிழித்துவிட்டுத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு வழி சூடு. உழுதுகொண்டிருந்த மெஷினை நிறுத்திய உடனே, எல்லாம் நின்றபிறகு, எஞ்சின் பக்கத்துச் சின்னப் புல்லிக்கு அருகில் கையைக் கொண்டுபோங்கள். அப்புறம் பெரிய புல்லியின் நடுப்பகுதிக்கு. சின்னப் புல்லி கொதித்தால் பெல்ட். சின்னதில் பெல்ட் சுற்றிப் பிடிக்கும் நீளம் குறைவு, அதனால் வழுக்கல் எப்போதும் அங்கேதான் தொடங்கும். பெரிய புல்லியின் நடு கொதித்தால் கிளட்ச்.

ஒரு பக்கச் சில்லு மட்டும் இழுக்காமல் மெஷின் ஒரு பக்கமாகவே திரும்புகிறது என்றால் பெல்ட்டையும் கிளட்சையும் தொடவே வேண்டாம். திருப்புவதற்காக அந்தப் பக்கச் சில்லை மட்டும் விடுவிக்கும் ஸ்டியரிங் கிளட்சின் கம்பி இறுகிப் போய், பற்களைப் பொருந்த விடாமல் பிடித்திருக்கும். கம்பியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும்.

பெல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். இந்த வகை மெஷின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 20 முதல் 30 மி.மீ. வரை, அதாவது ஓர் அங்குலத்துக்குக் கிட்ட. உங்கள் மெஷினின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். மூன்று பெல்ட்டும் ஒரே அளவு அமிழ வேண்டும் என்பது முக்கியம்.

எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினையே முன்னுக்குத் தள்ளித்தான் இறுக்குவது. இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளாவிட்டால் எஞ்சின் கோணலாக உட்கார்ந்துவிடும். அதனால் வரும் கேட்டை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

வழுக்கினால் உடனே இறுக்குவது என்ற பழக்கம் நம் பக்கத்தில் பலமாக இருக்கிறது. இதை நான் ஏற்பதில்லை. அளவுக்கு மேல் இறுக்கிய பெல்ட், எஞ்சின் தண்டையும் கியர்பாக்ஸ் தண்டையும் ஒன்றையொன்று நோக்கி ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும். முதலில் பேரிங் தேயும். பேரிங் தேய்ந்தால் தண்டு ஆடும், தண்டு ஆடினால் ஒயில் சீல் கசியும். கியர்பாக்ஸ் ஒயில் கிளட்ச் பிளேட்டில் ஏறினால் கிளட்சும் வழுக்கத் தொடங்கும். பெல்ட் வழுக்கியதற்கு இறுக்கியவர் சில மாதத்தில் கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் வாங்க நிற்பது இப்படித்தான்.

புதுப் பெல்ட் போட்டு ஒரு கிழமைக்குள் போய்விட்டது. கடைக்காரர் போலிப் பெல்ட் தந்துவிட்டாரா?

இருக்கலாம். ஆனால் பழி போடுவதற்கு முன் கழற்றிய பெல்ட்டை எறியாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எப்படிச் செத்தது என்பதைப் பெல்ட்டே காட்டும். பெரும்பாலும் காரணம் மெஷினில்தான் இருக்கும். காரணத்தைத் தேடாமல் போடுகிற அடுத்த பெல்ட்டும் அதே வழியில் போகும்.

பெல்ட்டின் இரண்டு பக்கச் சரிவும் கண்ணாடி மாதிரி பளபளத்து, விரலால் தடவினால் வழுவழுவென்று கடினமாக இருந்தால் அது வழுக்கிச் சூடேறிய பெல்ட். தளர்வாக ஓடியிருக்கும், அல்லது பாரம் அளவுக்கு மீறியிருக்கும்.

ஒரு பக்கச் சரிவு மட்டும் தேய்ந்து, மற்றப் பக்கம் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. சட்டத்தின் மேல் கறுப்புத் தூள் படிந்திருப்பதும் அநேகமாக இதனால்தான். பெல்ட் காடியில் (புல்லியில் பெல்ட் உட்காரும் பள்ளத்தில்) இருந்து பாய்வதும், காடிக்குள் புரண்டு முதுகு கீழாக ஓடுவதும்கூட இதன் வேலையாக இருக்கலாம்.

உட்புறம் குறுக்கே வெடித்திருந்தால் வயதும் வெயிலும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கொட்டகைக்கு வெளியே நிற்கிற மெஷின்களில் இதை அதிகம் காணலாம்.

பெல்ட் வீங்கி, மெத்தென்று, பிசுபிசுப்பாக இருந்தால் டீசலோ ஒயிலோ பட்டிருக்கிறது. டீசல் குழாயின் கசிவைப் பாருங்கள், எஞ்சின் பக்கத்து ஒயில் சீலைப் பாருங்கள்.

தேய்மானம் எதுவும் இல்லாமல் சடாரென்று அறுந்திருந்தால், மாட்டும்போதே கெடுத்திருக்கிறார்கள். எஞ்சினைத் தளர்த்தச் சோம்பல்பட்டு, ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பெல்ட்டைப் புல்லிக்குள் தள்ளினால் உள்ளே இருக்கிற நூல்கள் அறுந்துவிடும். வெளியில் ஒன்றும் தெரியாது. வேலை செய்யும்போதுதான் தெரியும்.

இனி நேர்கோடு பார்க்கும் முறை. கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி ஒரு நல்ல நூல் போதும். எஞ்சின் நின்றிருக்க, பெரிய புல்லியின் முகத்தில் நூலைப் படிய வைத்து, சின்னப் புல்லி வரைக்கும் இறுக்கமாக இழுத்துப் பிடியுங்கள். பெரிய புல்லியில் இரண்டு இடம், சின்னப் புல்லியில் இரண்டு இடம், நான்கிலும் நூல் ஒட்ட வேண்டும். (இரண்டு புல்லியின் விளிம்பும் வேறு வேறு தடிப்பு என்றால் நூலில் இருந்து முதல் காடிக்குள்ள தூரத்தை அளந்து ஒப்பிடுங்கள்.) மூன்று இடத்தில் ஒட்டி நான்காவதில் வெளிச்சம் தெரிந்தால் எஞ்சின் கோணல். சின்னப் புல்லியின் இரண்டு இடத்திலும் ஒரே அளவு இடைவெளி என்றால் எஞ்சின் முழுதாக ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது. அடிப் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்து, இறுக்கியபிறகு இன்னொரு தடவை நூல் பிடிக்க வேண்டும். இறுக்கும்போது எஞ்சின் அசையும், அதை மறந்துவிட்டால் பட்ட பாடு வீண்.

கடைசியாகப் புல்லிக் காடி. வி-பெல்ட் பிடிப்பது பக்கச் சரிவால், அடியால் அல்ல. நல்ல காடியில் பெல்ட்டின் முதுகு விளிம்போடு சமமாகவோ சற்று மேலாகவோ நிற்கும், அடியில் வெற்றிடம் இருக்கும். காடியின் அடி வெள்ளி மாதிரி மின்னினால் பெல்ட் அடியில் போய்த் தட்டுகிறது என்று பொருள். புதுப் பெல்ட்டே விளிம்புக்கு ஒன்றரை, இரண்டு மி.மீ. கீழே போய் உட்கார்ந்தால் புல்லி தேய்ந்துவிட்டது. அந்தப் புல்லியில் எவ்வளவு விலை உயர்ந்த பெல்ட் போட்டாலும் நிற்காது. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் மணலும் உப்புக்காற்றும் சேர்ந்து காடியை அரிக்கும். மணல் ஏற்றும் மெஷின் என்றால் பெல்ட் வாங்குவதற்கு முன் காடியைப் பாருங்கள்.

மூன்றில் ஒன்றுதான் அறுந்தது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. ஓடிய பெல்ட் நீண்டிருக்கும். புதியது அதைவிடக் கட்டையாக இருக்கும், பாரம் முழுவதும் அதன் தலையில் விழும். 12 குதிரைவலுவை மூவர் பங்கிட வேண்டிய இடத்தில் ஒருவரே சுமந்தால் அவர்தான் முதலில் சாய்வார். மூன்றையும் ஒன்றாக, ஒரே தயாரிப்பில் வாங்குங்கள். கழற்றியதில் நல்லதாக இருக்கிற இரண்டையும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பெல்ட் நம்பர் கேட்கிறார்கள், பழைய பெல்ட்டில் எழுத்து அழிந்துவிட்டது.

எழுத்து தடிப்பைச் சொல்லும், எண் நீளத்தைச் சொல்லும். ஏ என்றால் மேல் அகலம் 13 மி.மீ., தடிப்பு 8 மி.மீ. பி என்றால் அகலம் 17, தடிப்பு 11. சி என்றால் 22க்கு 14. இந்த மெஷின்களில் பொதுவாக வருவது பி. எண்ணைச் சில கம்பனிகள் அங்குலத்திலும் சில மில்லிமீற்றரிலும் போடும். பி-72 என்பதும் பி-1829 என்பதும் ஒரே பெல்ட்தான், 72 அங்குலம் கிட்டத்தட்ட 1,829 மி.மீ. இந்த எண் பெல்ட்டின் உட்சுற்று நீளம். வெளிச்சுற்றை நூலால் அளந்துகொண்டு போய்க் கேட்டால் பிழையான பெல்ட்தான் கிடைக்கும். எழுத்து அழிந்திருந்தால் பழைய பெல்ட்டையே கையோடு கொண்டுபோங்கள், ஆனால் அது நீண்டிருக்கும் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். புதிதாக வாங்கினதும் எண்ணைப் பெல்ட் மூடியின் உட்பக்கம் பெயின்ரால் எழுதி வைத்தால் அடுத்த போகத்தில் இந்தக் கேள்வி வராது.

வழுக்கும் பெல்ட்டில் மெழுகு, தார், குங்கிலியம் ஏதும் பூசலாமா?

வேண்டாம். கொஞ்ச நேரம் பிடிக்கும், அப்புறம் மண்ணையும் தூசையும் ஒட்டவைத்துக் காடியைத் தின்னும். அழுக்கான பெல்ட்டைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டால் போதும். பெற்றோல் ஊற்றிக் கழுவினால் ரப்பர் கெடும்.

மேட்டில் நன்றாக ஓடுகிறது, சேற்றில் இறங்கினால் மட்டும் பெல்ட் வழுக்குகிறது. ஏன்?

இரண்டு காரணம் ஒன்றாகச் சேர்கிறது. சேற்றில் இரும்புச் சில்லும் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரும் கேட்கும் வலு அதிகம், அதே நேரம் தெறிக்கிற தண்ணீர் பெல்ட்டை நனைக்கிறது. மேட்டில் தட்டுத்தடுமாறிச் சமாளித்த தளர்ந்த பெல்ட் இங்கே தோற்றுவிடும். அதனால் மேட்டில் ஓடுவதைப் பார்த்து இறுக்கம் சரி என்று நினைக்காதீர்கள்.

சேறு காடிக்குள் போய் இறுகிக்கொள்வது இன்னொரு தொல்லை. களிமண் வட்டைகளில் (வயல்வெளிகளில்) வரம்போரத்து வைக்கோலும் புல்லும் சேற்றோடு சேர்ந்து காடியில் அடைபடும், பெல்ட் மேலே எழும்பிப் பாயும். மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது ஒரு குச்சியால் காடியைச் சுரண்டி விடுங்கள். சேறு காய்ந்தபிறகு சுரண்டுவது பெரிய வேலை.

பெரிய புல்லி அமிழும் ஆழத்துக்கு மெஷின் புதைந்துவிட்டால் கிளட்சுக்குள்ளும் தண்ணீர் போகும். வெளியே எடுத்தபிறகு கொஞ்ச நேரம் கிளட்ச் வழுக்கும். சூடாகி உலர்ந்தால் சரியாகும். சரியாகாவிட்டால் சேறும் உள்ளே போயிருக்கிறது, திறந்து துடைக்க வேண்டும்.

வெள்ளம் பாயும் வீதியை மெஷினோடு கடக்கலாமா?

கடக்க வேண்டாம். பெல்ட் முழுக்க நனைந்து வழுக்கினால் நடு ஓட்டத்தில் மெஷின் நின்றுவிடும். நிற்காவிட்டாலும், பின்னால் இழுக்கும் பெட்டியையும் மெஷினையும் தள்ளிக்கொண்டு போக ஓடும் தண்ணீருக்குப் பலம் போதும். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரப் பெட்டியில் போன மதரசாப் பிள்ளைகளை வெள்ளம் கொண்டுபோனதை நம் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அங்கே காரணம் பெல்ட் அல்ல, வெள்ளம். மெஷின் பெரியது, கடந்துவிடும் என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம்.

கிளட்ச் வழுக்குகிறது. பிளேட் மாற்றத்தான் வேண்டுமா?

உடனே வேண்டாம். முதலில் கிளட்ச் கையில் சும்மா ஆடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கையை இழுக்கத் தொடங்கியதும் கொஞ்ச தூரம் எதிர்ப்பில்லாமல் வர வேண்டும், அதன் பிறகுதான் பாரம் தட்ட வேண்டும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு நாள் இல்லாமலே போகும். அப்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், விரல் மாதிரி இருக்கிற லீவர்களை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கும். நீங்கள் கிளட்சைத் தொடாமலே அது பாதி பிடித்தபடி இருக்கும். பிளேட் எரியும், பேரிங்கும் எரியும். இழுப்புக் கம்பியின் நட்டைத் திருப்பி அந்த இடைவெளியைத் திரும்பக் கொடுத்தால் பல மெஷின்கள் அங்கேயே சரியாகிவிடும்.

சரிவராவிட்டால் திறவுங்கள். பிளேட்டில் ஒயில் இருந்தால் பிளேட்டைக் குற்றம் சொல்லாமல் ஒயில் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அநேகமாகக் கியர்பாக்ஸ் முன்தண்டின் சீல், அல்லது ரிலீஸ் பேரிங்குக்கு அள்ளி அப்பிய கிறீஸ். சீலை மாற்றாமல் பிளேட்டை மாற்றினால் திரும்ப அதே கதை. மேலாக ஒயில் பட்ட பிளேட்டைப் பெற்றோலால் கழுவி நன்றாக உலர்த்தி, எமரி பேப்பரால் இலேசாகத் தேய்த்துப் போடலாம். கழுவுவது வெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில். ஒயில் ஊறிக் கறுத்துப்போன பிளேட் திரும்ப வராது. ஆணித் தலை தெரிகிற அளவுக்குத் தேய்ந்ததும், வெடித்ததும் அப்படியே.

ஸ்பிரிங்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். சூடு கண்ட ஸ்பிரிங் நீலம் பூத்திருக்கும், கட்டையாகியும் இருக்கும். ஒன்று கட்டை என்றாலும் முழுத் தொகுதியாக மாற்றுவதுதான் நல்லது.

பூட்டும்போது விரல் லீவர்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் மூடாதீர்கள். ஒன்று உயர்ந்து நின்றால் கிளட்ச் விடும்போது மெஷின் குலுங்கிக் குலுங்கிப் புறப்படும். ‘பிளேட் புதுசு, ஆனாலும் உதறுது’ என்று வருகிற முறைப்பாடுகளில் இதுதான் அடிக்கடி.

கிளட்சை முழுதாக இழுத்தாலும் கியர் கரகரவென்று சத்தம் போடுகிறது.

இது எதிர்ப்பக்கத்துத் தொல்லை, கிளட்ச் விடுபடவில்லை. சும்மா ஆடும் இடம் அதிகமாகிவிட்டால் கையை முழுதாக இழுத்தாலும் பிளேட் பிரியாது. கம்பியைச் சரிசெய்யுங்கள். சரிவராவிட்டால் பிளேட் வளைந்திருக்கலாம், துருவேறி ஒட்டியிருக்கலாம், பேரிங் இறுகித் தண்டைச் சேர்த்துச் சுற்றலாம்.

பிரேக்கையும் பாருங்கள். பல மெஷின்களில் கிளட்சும் பிரேக்கும் ஒரே கையில். முதல் பாதி இழுப்பில் கிளட்ச் விடுபட வேண்டும், மேலும் இழுத்தால் பிரேக் பிடிக்க வேண்டும். பிரேக் கம்பி அளவுக்கு மீறி இறுகியிருந்தால் கிளட்ச் முழுதாக விடுபடுவதற்குள் பிரேக் வந்து கை நின்றுவிடும். இன்னும் மோசம், கையை விட்டபிறகும் பிரேக் ஒட்டிக்கிடப்பது. அப்போது மெஷினுக்கு வலுவில்லாத மாதிரி தெரியும், பெல்ட் சூடேறும், எல்லோரும் எஞ்சினையே திட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கட வாப்பா மெஷினைச் சிறுபோகம் முடிய நிறுத்தினவர், ரெண்டு மாசம் கழிச்சு எடுத்தா கிளட்ச் ஒட்டிக் கிடக்கு. என்ன செய்ய?

துருதான். நிறுத்தி வைத்த மெஷினில் பிளேட்டும் இரும்பு முகமும் ஒன்றையொன்று அழுத்தியபடியே கிடக்கும், ஈரம் இடையில் துருவைக் கட்டும். கியரில் போட்டு எஞ்சின் பலத்தால் இழுத்துப் பிரிக்கலாம் என்று சொல்வார்கள். மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் பாயும், அதைச் செய்ய வேண்டாம். பெல்ட்டைக் கழற்றி, கிளட்சைத் திறந்து, துருவை எமரி பேப்பரால் துடைத்துப் பூட்டச் சொல்லுங்கள். பிளேட் பெரும்பாலும் தப்பிவிடும்.

இனி நிறுத்தும்போது பெல்ட்டைக் கழற்றி நிழலில், அகலமான கட்டையில் மாட்டி வையுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் அந்த இடத்தில் மடிந்து வெடிக்கும். கிளட்ச் கையை இரண்டு, மூன்று கிழமைக்கு ஒரு தடவை இழுத்து விடுங்கள். 2011 தை வெள்ளம் மாதிரி தண்ணீர் மெஷினுக்கு மேல் ஏறி வடிந்திருந்தால் எடுத்ததும் ஓட்டாதீர்கள். கியர்பாக்ஸ் ஒயிலைத் திறந்து பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, ஒயிலும் மாற்ற வேண்டும், கிளட்சையும் திறக்க வேண்டும்.

பெட்டியில் பாரம் ஏற்றினால் கிளட்ச் நாறுகிறது. எப்படி ஓட்டுவது?

கிளட்சைப் பாதியில் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். கிளட்ச் இரண்டு நிலைக்குத்தான் செய்யப்பட்டது: பிடித்திருப்பது, விடுபட்டிருப்பது. நடுவில் இருக்கிற ஒவ்வொரு விநாடியும் பிளேட் எரிகிற விநாடி. நெல் மூட்டையோ மணலோ ஏற்றியிருந்தால் சின்னக் கியரில் புறப்படுங்கள், வேகத்தைத் திரொட்டிலால் கட்டுப்படுத்துங்கள்.

குளக்கட்டில் இருந்தோ பாலத்தில் இருந்தோ பாரத்தோடு இறங்கும்போது இரண்டு விஷயம் உயிரோடு சம்பந்தப்பட்டது. கிளட்சைப் பிடித்தபடி உருளவிடாதீர்கள், எஞ்சினின் பிடி விட்டுப்போய் பெட்டி உங்களைத் தள்ளும். இறங்க முன்னமே சின்னக் கியருக்கு வந்துவிடுங்கள். மற்றது ஸ்டியரிங் கிளட்ச். சமதரையில் இடப்பக்கத்தைப் பிடித்தால் மெஷின் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டி தள்ளும்போது, பிடித்த பக்கத்துச் சில்லு எஞ்சினின் பிடியில் இருந்து விடுபட்டு மற்றதைவிட வேகமாக உருளும், மெஷின் வலப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் ஸ்டியரிங் கிளட்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளித் திருப்புங்கள். புதிதாக ஓட்டப் பழகும் தம்பிமாருக்கு இதை முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பெல்ட் மூடி இல்லாமல் ஓட்டினால் காற்றுப் பட்டுப் பெல்ட் சூடேறாது என்கிறார்களே?

சாரம் கட்டிக்கொண்டு மெஷினைச் சுற்றி நடக்கிறோம். சாரத்தின் நுனி ஒரு தடவை பெல்ட்டுக்கும் புல்லிக்கும் இடையில் போனால் உருவி எடுக்க நேரம் இருக்காது. பெல்ட் சூடேறுவது வழுக்குவதால், மூடியால் அல்ல. மூடியைப் பூட்டுங்கள், சாரத்தை மடித்துக் கட்டுங்கள், எஞ்சின் ஓடும்போது பெல்ட்டுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

என்னுடையது சின்ன மெஷின். கிளட்ச் பிளேட் இல்லை, கையைத் தள்ளினால் ஒரு உருளை பெல்ட்டை இறுக்குகிறது.

அங்கே பெல்ட்டேதான் கிளட்ச். அதனால் எஞ்சினை முன்னுக்குத் தள்ளி இறுக்கிவிட்டால் கையை விட்டாலும் மெஷின் நிற்காது. பெல்ட் இயல்பாகத் தளர்ந்திருக்க வேண்டும், உருளை வந்து அழுத்தும்போது மட்டும் பிடிக்க வேண்டும். இறுக்கம் கேபிளில் இருந்து சரிசெய்யப்படும். உருளையின் பேரிங் இறுகியதா என்று கையால் சுற்றிப் பாருங்கள், இறுகிய உருளை பெல்ட்டின் முதுகை அராவிவிடும். கையை விட்டதும் பெல்ட் புல்லியை விட்டு விலக, பக்கத்தில் சின்னக் கம்பிகள் பூட்டியிருப்பார்கள். அவை வளைந்திருந்தால் மெஷின் தானாக ஊரும்.

பண்ணைகளுக்கு வரும் நான்கு சில்லு யூடிவியில் (பாரமும் ஆளும் ஏற்றும் சின்னப் பண்ணை வண்டியில்) இருப்பதும் இதே பெல்ட்டா?

பெயர் பெல்ட்தான், வேலை வேறு. அதிலும் கியரில்லாத ஸ்கூட்டரிலும் இருப்பது சிவிடி. இரண்டு புல்லியும் வேகத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், பெல்ட் அதற்குள் மேலும் கீழும் நகர்ந்து கியர் மாற்றும் வேலையைச் செய்யும். அதை நீங்கள் இறுக்க முடியாது. பெல்ட்டின் அகலத்தை அளந்து, கையேடு சொல்லும் அளவுக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். பாரம் இழுக்கும்போதும் மெதுவாக ஊரும்போதும் லோ கியரில் போடாததுதான் பெல்ட் எரிவதற்குப் பெரிய காரணம். புதைந்த நிலையில் திரொட்டிலை அழுத்திக்கொண்டே இருந்தால் பெல்ட்டில் ஓரிடம் மட்டும் எரிந்து பள்ளமாகும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் தட் தட் என்று தட்டும். அந்தப் பெல்ட் முடிந்தது. புல்லியின் முகத்தில் கிறீஸ் படவே கூடாது.

நடு வயலில் பெல்ட் அறுந்தால்?

மூன்றில் ஒன்று அறுந்திருந்தால் எஞ்சினை நிறுத்தி, அறுந்த துண்டுகள் முழுவதையும் உருவி எடுத்துவிடுங்கள். மிச்சத் துண்டு மற்றப் பெல்ட்டுக்குள் சிக்கினால் அதுவும் போகும். ரொட்டவேட்டரைக் கழற்றி அல்லது விடுவித்து, இரண்டு பெல்ட்டில் சின்னக் கியரில் வீடு போய்ச் சேரலாம். உழவைத் தொடர முடியாது.

மூன்றும் போனால் மாற்றுப் பெல்ட் இருந்தால்தான் வழி. மண்முனைப் பாலம் 2014இல் வந்ததால் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருந்து கடைக்குப் போவது முன்னைவிட இலகு. ஆனால் வெல்லாவெளிக்கு உள்ளே, கரடியனாற்றுக்கு அப்பால் உழுகிறவருக்கு ஒரு பெல்ட்டுக்காக அரை நாள் போய்விடும். யானை நடமாட்டம் உள்ள வட்டைகளில் இருட்டும் நேரம் மெஷினோடு மாட்டிக்கொள்வது ஆபத்து. பொழுது சாய்கிறது என்றால் மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வாடியில் ஒரு தகரப் பெட்டியில் ஒரு தொகுதிப் பெல்ட், எஞ்சின் போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பனர்கள், நூல், வெண்கட்டி, ஒரு டோர்ச் லைட் இருக்கட்டும். புதுப் பெல்ட் போட்டால் முதல் சில மணி நேரத்தில் அது நீளும். அன்றைக்கே ஒரு தடவை நிறுத்தி அழுத்திப் பார்த்து இறுக்குங்கள், அடுத்த நாள் காலையும் பாருங்கள். மெஷினைக் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் கழற்றிய பெல்ட்டுகளை எந்த வரிசையில் இருந்தன என்று வெண்கட்டியால் குறித்துக் கையோடு கொண்டுபோங்கள். மெக்கானிக் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.